ஒற்றைப்படைத் தேதி மாத்திரைகள்

ஒரு நோயாளி உங்களிடம் மூன்று முறை உட்கார்ந்து பேசியும் சொல்லாத ஒன்றை, பக்கத்து மேசைக்காரியிடம் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டால், அது யாருடைய குறை? எட்டு ஆண்டுகள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் கூட்டு மருந்து மையத்தில் ஆலோசகராக இருந்துவிட்டேன். இன்னும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். கணவருக்குச் சென்னையில் வேலை. மகளுக்கு ஐந்து வயதாகப் போகிறது, அங்கேயே பள்ளியில் சேர்க்கிறோம். பதிவேடு எழுதுவது, மாத்திரை எண்ணுவது, எந்தப் பரிசோதனை எப்போது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வந்துவிட்டது. அந்தப் பயிற்சியில் ஒரு தம்பதியின் கதையும் உங்களுக்குப் பாடமாக வந்திருக்கும். கணவருக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும், மனைவிக்கு ஹெபடைடிஸ் பி மட்டும். அந்தப் பாடத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதில் ஒரு வரி பொய். அதைத் திருத்தாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் செல்வி யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவளைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க மேடம், கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க” என்றாள். முடிவில் என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது. உங்களோடு சேர்ந்துதான் அவளும் படிக்கப் போகிறாள்.

செல்வி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம். தானும் எச்.ஐ.வி. மாத்திரையைப் பத்து ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருப்பவள். மையத்தில் களப்பணியாளர். நான் சமூகப் பணியில் முதுகலை. விழுப்புரத்தில் எங்கள் அறையில் இரண்டு மேசைகள். என்னுடையதற்கு முன்னால் நாற்காலி, அவளுடையதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்குத்தான் வரிசை நிற்கும். மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலையை அவித்துக் கொண்டுவருபவர்கள் முதலில் அவள் மேசையில் கொட்டிவிட்டு, பையைச் சுருட்டும்போது என்னைப் பார்த்து ஒரு கை எடுத்து வைப்பார்கள். நான் சாப்பிட்டதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனேன் என்று ஒருநாள் பொய் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் மையத்துக்குக் கூட்டி வருவேன். வந்ததும் அவள் “அத்தை” என்று செல்வியிடம் ஓடிவிடுவாள். ஒருநாள் அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். என்னிடம் தூங்குவதற்கு ஒரு மணி நேரம் அழுகிற குழந்தை. பிள்ளையை வாங்கிக்கொள்ளப் போனபோது, “எழுப்பாதீங்க மேடம், நல்லாத் தூங்குது” என்றாள். நான் எழுப்பித்தான் வாங்கினேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். பின்னால் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஏழுமலைக்கு முப்பத்தெட்டு வயது. விக்கிரவாண்டி டோல்கேட் அருகே ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வீடு கிளியனூரில். எச்.ஐ.வி. தெரிந்தபோதே அவருக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருப்பது தெரிந்தது. ஈரலில் தங்கும் கிருமி, ஊரில் மஞ்சள் காமாலைக் கிருமி என்பார்கள். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் சிகிச்சையே வேறு மாதிரி ஆகிவிடும். ஈரல் பரிசோதனையில் அளவு ஏறினால் அது மருந்தாலா, கிருமியாலா, அல்லது உடம்புக்கு எதிர்ப்பு சக்தி திரும்பி வருவதாலா என்று மருத்துவர் குழம்ப வேண்டியிருக்கும். எச்.ஐ.வி. மருந்தை மாற்றும்போதுகூட, ஈரல் கிருமியை அடக்குகிற மருந்தை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் அடங்கிக் கிடந்தது சீறிக்கொண்டு எழும். இப்படிப்பட்ட ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “யார் சொன்னாலும், எதற்காகவும், இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.”

ஏழுமலையிடமும் சொன்னேன். ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து, அதில் இரண்டு ஈரல் கிருமியையும் பிடித்து வைக்கும் என்று விரல் மடக்கி விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். “அப்போ அந்தக் கிருமி மட்டும் இருக்கறவங்களுக்கும் இது கேக்குமா மேடம்?” என்றார். நல்ல கேள்வி என்று மெச்சினேன். கேட்கும் என்றேன். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அவர் மனைவி சந்திரா, வீட்டில் ரவிக்கை தைப்பவர். அவருக்கு எச்.ஐ.வி. இல்லை, ஈரல் கிருமி இருந்தது. பொது மருத்துவப் பிரிவில் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும் என்று அனுப்பினார்கள். மருத்துவப்படி அது சரி. ஆனால் ஏழுமலைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. கிருமியைக் கொடுத்தவனுக்கு மருந்து, வாங்கியவளுக்கு ஒன்றுமில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த அவருடைய வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு, ஒரு முறை ஏறி வந்தது. மாதாமாதம் டப்பாவைக் கொண்டுவருவார், எண்ணினால் மாத்திரை சரியாக இருக்கும். இதில்தான் நான் ஏமாந்தேன். கணக்குச் சரியாக இருக்கிறவரைச் சந்தேகப்பட எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மூன்று முறை உட்காரவைத்துப் பேசினேன். தண்ணியா, வேலை நேரமா, மறதியா, எல்லாம் கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான்: “ஒரு நாள்கூட உடல மேடம். டப்பாவைப் பாருங்க.” அவர் பொய் சொல்லவில்லை. டப்பா ஒரு நாளும் விடவில்லை.

மருந்தையே மாற்றலாமா என்று மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. திங்கட்கிழமை மாலை செல்வி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“மேடம், ஏழுமலை அண்ணன் விசயம். அந்த மாத்திரைய அவரும் அவரு வூட்டம்மாவும் ஆளுக்கு ஒரு நாளா போட்டுக்கினு இருக்காங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வச்சு சொன்னாரு, பாவம் அழுதுட்டாரு. வியாழக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வர்றேன். டாக்டர்கிட்ட அவங்க வாயாலயே சொல்லட்டும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க.”

சரி என்று தலையாட்டினேன். என் மூன்று அமர்வுகளும் மூன்று பக்கங்களாகக் கோப்பில் இருந்தன. அவளுக்கு ஒரு டீ போதுமாக இருந்தது. மருத்துவர் வியாழக்கிழமை அவளைப் பார்த்து என்ன சொல்வார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அன்று வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் அதே நினைப்புதான். ஒவ்வொரு நாளும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறது, வியாழன் வரை காத்திருப்பது பொறுப்பாகுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேள்வி நியாயமானது. கேட்ட மனம் நியாயமானதா என்பதுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுத் திண்டிவனம் போய், அங்கிருந்து புதுச்சேரி பஸ் பிடித்துக் கிளியனூரில் இறங்கினேன். வீட்டுக்குப் போவது களப்பணியாளரின் வேலை, அதுவும் நோயாளி சம்மதித்த பிறகுதான். எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அம்மாள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். யாரு வேணும் என்றார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தேன் என்றேன். துணி எங்கே என்றார். என் கையில் குடை மட்டும் இருந்தது. அளவு கொடுக்க வந்தேன் என்றேன். “குடைக்கா?” என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் புடைத்தார். செல்வியாக இருந்தால் ஒரு துணிப்பையோடு போயிருப்பாள்.

சந்திரா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நின்றார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, ஊசி டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தார். சுவரில் நாள்காட்டி.

“ஒத்தப்படைத் தேதி எனக்கு மேடம், ரெட்டப்படை அவருக்கு. முப்பத்தொண்ணும் ஒண்ணும் அடுத்தடுத்து ஒத்தப்படையா வரும் பாருங்க, அன்னிக்கு ஒண்ண நான் உட்டுக்குடுத்துடுவேன். அவருதான் சண்டை போடுவாரு, நீயே போட்டுக்கோன்னு.”

எனக்குத் தைராய்டு மாத்திரை ஆறு ஆண்டுகளாக உண்டு. என் கணவர் நல்லவர். ஆனால் அது எந்த நிறம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. சைக்கிளில் போய் பஸ் பிடித்து நெருப்பு முன்னால் நின்று மாவு அடிக்கிற ஒரு மனிதர், தன் உயிரைத் தேதி போட்டுப் பாதி பிரித்துக் கொடுத்திருக்கிறார். அது தவறு, முட்டாள்தனம், ஆபத்து. எல்லாம் தெரிந்தும், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு நான் சந்திராவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் குரல் கடுமையானது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இது உங்களுக்குக் கொடுத்த மாத்திரை இல்லை என்றேன். உங்களால்தான் அவர் உடம்பு கெடுகிறது என்றேன். இன்றோடு நிறுத்திவிடுங்கள், நாளை முதல் ஒன்றுகூடத் தொடக் கூடாது என்றேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்: “நிறுத்தினா எனக்கு ஒண்ணும் ஆவாதுங்களா மேடம்?”

“ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

தங்கைகளே, தம்பிகளே, அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று எத்தனையோ பேருக்கு வாய் ஓயாமல் சொன்னவள் நான். அந்த மாத்திரை மாதக்கணக்கில் அவர் ஈரல் கிருமியையும் அடக்கி வைத்திருக்கிறது என்பதை அவர் கணவருக்கு விரல் மடக்கி விளக்கியவளும் நான்தான். ஆனால் எங்கள் மையத்தில் சந்திராவுக்குக் கோப்பு இல்லை. கோப்பு இல்லாதவரைப் பார்த்ததும் படித்தது என் நினைவுக்கு வரவில்லை. அவர் என் கண்ணுக்கு ஏழுமலையின் மாத்திரைக் கணக்கில் இருந்த ஓட்டையாகத்தான் தெரிந்தார். நிறுத்தத்தான் வேண்டுமா, அவருக்கென்று தனியாகத் தொடர வேண்டுமா என்பது மருத்துவர் ரத்தம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. செல்வி வியாழக்கிழமை இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன் என்றதில் அந்த “இரண்டு பேர்”தான் முக்கியம். எனக்கு அன்று வியாழக்கிழமை மட்டும்தான் காதில் விழுந்தது.

வியாழன் அன்று ஏழுமலை மட்டும் வந்தார். நான் பேசிய பேச்சுக்குப் பிறகு சந்திரா வரவில்லை. மருத்துவரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். நன்றாகக் கண்டுபிடித்தீர்கள் என்றார். செல்வி கதவருகே நின்றிருந்தாள். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை எப்போது என்று மருத்துவர் கேட்டார். அடுத்த வாரம் வருவார் சார் என்றேன்.

வெளியே வந்ததும் செல்வி சொன்னாள்: “நீங்க முந்திக்கினீங்க, பரவால்ல மேடம். அந்தம்மாவ யாரு பாக்கறது?”

அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சந்திராவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். கல்யாண முகூர்த்த மாதம், தையல் குவிந்து கிடக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். பிறகு என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது, விட்டு விட்டுப் பத்து நாள். அவள் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தேன், மஞ்சளாக இருக்கிறதா என்று. பிறந்த அன்று போட்ட ஹெபடைடிஸ் தடுப்பூசி அட்டையை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். என் பிள்ளையின் ஈரலுக்கு அவ்வளவு பயந்தவளுக்கு மூன்றாவது போன் செய்யத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஏழுமலையின் பரிசோதனை முடிவு வந்தது. எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதலில் செல்வியிடம்தான் போனேன். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் சந்தோஷமாகத்தான் பார்த்தாள். அதே வாரம் அவளுக்குத்தான் சந்திரா போன் செய்தார். கண் மஞ்சளாகி நாளாகிவிட்டது, பக்கத்து ஊரில் காமாலைக்குப் பச்சிலை அரைத்து மோரில் கொடுக்கிறார்கள், உப்பில்லாமல் பத்தியம், குறையவில்லையாம்.

செல்வி போய் அழைத்து வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தாள். ஈரல் அழற்சி கடுமையாக இருந்தது. ரத்தம் உறையும் நேரம் கூடிக்கொண்டே போகிறது, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார் மருத்துவர். அந்த வாரம் முழுக்க சந்திரா எதையாவது சொல்ல வாய் திறந்தால் நாங்கள் எல்லோரும் வார்த்தை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழுமலை என்னிடம் வந்து, சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். “முழுசா அவளுக்கே குடுத்துடறேன் மேடம். இப்ப குடுக்கலாமா?”

சந்திராவுக்கென்று தனியாகவே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், உங்களுடையதை நீங்கள் விடாமல் போடுங்கள் என்றேன். அவர் நம்பாத முகத்தோடு டப்பாவை உள்ளே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, மருத்துவர் படுக்கை அருகே நின்று சந்திராவிடம் விசாரித்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்றார். நான் கோப்போடு ஒரு பக்கம் நின்றேன். செல்வியும் ஏழுமலையும் மறுபக்கம். சந்திரா என்னைப் பார்த்தார். கண் இரண்டும் மஞ்சள்.

“நானேதான் நிறுத்திட்டேன் சார். பயந்துக்கினு.”

ஏழுமலை தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் பேனாவை எடுத்து எழுதினேன்: நோயாளி தானாகவே நிறுத்திவிட்டார். உங்கள் பாடத்தில் இருக்கிற வரி அதுதான்.

வெளியே செல்வி என் கையிலிருந்து கோப்பை வாங்கிக்கொண்டாள். “பாப்பா ப்ளே ஸ்கூல் உட்ற நேரம் மேடம். ஜல்தி போங்க. நான் இருக்கறேன்.” அவளுக்குத் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சந்திரா பிழைத்தார். மஞ்சள் இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது அவருக்குத் தனி டப்பா, தனிக் கோப்பு. தினம் ஒன்று, தேதி பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் இப்போது மாத்திரை வாங்கும் திண்டிவனம் கிளை மையத்துக்கு, செல்வி அங்கே உட்காரும் நாளாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். அதற்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதியதில் அர்த்தமில்லை.

உங்களுக்கு அறிவுரை என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் இதுதான். இரண்டு கிருமி இருக்கிற வீட்டில் ஒருவரை மட்டும் பார்க்காதீர்கள். மாத்திரையை எண்ணும்போது, அது யார் யார் வாய்க்குப் போகிறது என்றும் கேளுங்கள். “ஒன்றும் ஆகாது” என்று சொல்ல வாய் வந்தால், டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதனால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

இந்தத் தாள்களை முதலில் மருத்துவரிடம் கொடுக்கிறேன், கோப்பில் அந்த வரியைத் திருத்தும்படி. அதற்கு என்ன வந்தாலும் வரட்டும். எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது வேறு.

சந்திரா ஏன் எனக்காகப் பொய் சொன்னார்? இரக்கம் என்றுதான் வெகுநாள் நம்பினேன். பிறகு வேறு ஒன்று தோன்றியது. அவர் கணவருக்கு மாதாமாதம் மாத்திரை என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு அவர் எங்கே போவார்? எட்டு ஆண்டுகளில் எத்தனை பேர் என்னிடம் “சரிங்க மேடம்” என்று சொன்னது இப்படி என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. நான் இந்தப் பதவியில் இருக்கும்போதே போய் மன்னிப்புக் கேட்டால், அவர் நிச்சயம் எழுந்து நின்று, அதெல்லாம் ஒன்றுமில்லை மேடம் என்பார். வேலையை விட்ட பிறகு போனால், அவர் மறக்க நினைப்பதை நான் என் நிம்மதிக்காக வீடு தேடிப் போய்க் கிளறுவதாகும். ஏற்கெனவே ஒருமுறை கேட்காமல் அந்த வீட்டுக்குள் போனவள் நான். போகாமலே இருந்தால், அவர் உயிரோடு விளையாடிய தவறு தன்னுடையதுதான் என்று அவரே ஒருநாள் நம்பிவிடலாம்.

மாதக் கடைசி வியாழக்கிழமை பொறுப்பை ஒப்படைக்க நான் அந்தத் திண்டிவனம் மையத்துக்கு வருகிறேன். அன்று அவர்கள் இரண்டு பேரும் மாத்திரை வாங்க வருவார்கள். நான் பேச வேண்டுமா, செல்வியை முன்னால் வைத்துப் பேச வேண்டுமா, பேசாமல் வந்துவிட வேண்டுமா? பேசுவதென்றால், அவர் எழுந்து நிற்காதபடி எப்படி ஆரம்பிப்பது? இந்த வேலைக்கு நீங்கள் புதியவர்கள். யாரும் இன்னும் உங்களுக்குப் பயந்து தலையாட்டியிருக்க மாட்டார்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்த வியாழனுக்கு முன்னால் எழுதுங்கள்.